ஏர் ஃப்ரையரில் பார்பிக்யூ ரிப்ஸ்: முதன்முறை செய்கிறவர்களுக்கு

நான் முதன்முதலில் ஏர் ஃப்ரையரில் பன்றி விலா எலும்பு வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடையில் வாங்கிய பார்பிக்யூ சாஸைக் கறி முழுக்கக் கனமாகப் பூசி, 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தேன். பத்தாவது நிமிடத்திலேயே சர்க்கரை தீய்கிற வாடை வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் மேல்புறம் கருப்பாக இருந்தது, ஓரத்தைக் கடித்தால் கசந்தது. உள்ளே கறி வெந்துதான் இருந்தது. ஆனால் எலும்பை விட்டு வரவில்லை, பல்லால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு நடந்த தவறுகள் இரண்டே இரண்டு. சாஸை முதலிலேயே பூசியது ஒன்று. கறியை மூடாமல் அனல் காற்றில் காயவிட்டது இன்னொன்று. இந்த இரண்டையும் திருத்திக்கொண்டால், புகைப்பெட்டியும் கொல்லைப்புறமும் இல்லாத வீட்டிலும் நல்ல ரிப்ஸ் செய்ய முடியும். கறி முதலில் ஃபாயிலுக்குள் மூடிக் கிடந்து நிதானமாக வேக வேண்டும். சாஸ் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையைச் சரியாகச் செய்வதற்கான விவரங்கள்.

ஏர் ஃப்ரையர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

ரிப்ஸுக்குப் பேர்போன அமெரிக்க ஊர்களில், மெம்ஃபிஸிலும் கான்சஸ் சிட்டியிலும், இதைப் பெரும்பாலும் அதிகச் சூட்டில் சுடுவதில்லை. மூடிய புகைப்பெட்டிக்குள் ஹிக்கரி, ஓக் போன்ற கட்டைகளின் புகையில், 110 முதல் 120 டிகிரி சூட்டில், ஐந்தாறு மணி நேரம் கிடக்கும். அவ்வளவு நேரம் எதற்கு? விலாப் பகுதியில் சதையை எலும்போடு பிணைத்திருக்கும் நார்த்திசுவில் கொலாஜன் என்ற புரதம் நிறைய இருக்கிறது. அது இளகி ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று ஆகும். ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அந்த ஒட்டல்தான் ஜெலட்டின். ஆட்டுக்காலை யாரும் பத்து நிமிடத்தில் வேகவைத்து இறக்குவதில்லை. ரிப்ஸும் அந்த ஜாதிதான், அதற்கும் நேரம் வேண்டும்.

ஏர் ஃப்ரையர் என்பது அடிப்படையில் ஒரு சின்ன அவன். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. அனல் காற்று வேகமாகச் சுழன்று கறியின் மேல் ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்தும். அதனால்தான் உருளைக்கிழங்கும் கோழிக்காலும் அதில் மொறுமொறுவென்று வருகின்றன. 2010-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது குறைந்த எண்ணெயில் வறுக்கும் கருவி என்றுதான் விற்றது. அந்த உலர்த்தும் குணம் ரிப்ஸின் கடைசிக் கட்டத்துக்கு அருமையாக உதவும். முதல் கட்டத்துக்கு அதுவே எதிரி. நார்த்திசு இளகுவதற்கு முன்பே சதையின் ஈரமெல்லாம் போய்விடும். அந்த முதல் கட்டத்தில் ஃபாயில் போட்டு மூடினால் கறி தன் சாற்றிலேயே வேகும்.

புகை மணம் மட்டும் இதில் தானாக வராது. அதற்கு என்ன செய்யலாம் என்பதை மசாலாவில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களுக்கு இந்த முறை பெரிய வசதி. பல ஊர்களின் தீயணைப்பு விதிப்படி அடுக்குமாடி பால்கனியில் கரி அடுப்பு பற்றவைக்கக் கூடாது. குடியிருப்பு ஒப்பந்தத்திலும் அது எழுதியிருக்கும். நான் ஏர் ஃப்ரையர் பக்கம் வந்ததற்குக் காரணமே அதுதான்.

எந்த ரிப்ஸ் வாங்குவது

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பேபி பேக் ரிப்ஸ் என்பது முதுகெலும்பை ஒட்டிய மேல்பக்க விலா. குட்டிப் பன்றியுடையது என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எலும்பு குட்டையாக, வளைவாக இருப்பதால் வந்த பெயர். ஒரு முழுப் பட்டையை ரேக் என்கிறார்கள். அதில் பத்து முதல் பதின்மூன்று எலும்பு இருக்கும், எடை 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை வரும். இரண்டாவது வகை ஸ்பேர் ரிப்ஸ், வயிற்றுப் பக்கத்து விலா. எலும்பு நீளம், கொழுப்பு அதிகம், ருசியும் அதிகம், வேகும் நேரமும் அதிகம். அதன் ஓரத்துக் குருத்தெலும்பை வெட்டிச் சீராக்கி விற்பதைச் செயின்ட் லூயிஸ் கட் என்பார்கள்.

முதல் தடவைக்குப் பேபி பேக் வாங்குங்கள். சீக்கிரம் வேகும், நான்கு லிட்டர் கூடையிலும் அடங்கும்.

ரேக்கைக் கையில் எடுத்துச் சதைப் பக்கத்தைப் பாருங்கள். எலும்பு ஆங்காங்கே வெள்ளையாக வெளியே தெரிந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். அந்த இடத்தில் சதையை மிக ஒட்டி வெட்டியிருக்கிறார்கள், வேகும்போது எலும்பு கழன்று வந்துவிடும். ஒரு முனை மொத்தமாகவும் மறு முனை காகிதம் போலவும் இருக்கிற ரேக்கும் வேண்டாம், மெலிந்த முனை முன்னதாகவே காய்ந்து போகும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் லேபிளில் உள்ள பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். சில பாக்கெட்டுகளில் 10, 12 சதவீதம் உப்புக் கரைசல் ஏற்றியிருப்பதாகப் போட்டிருக்கும். அப்படி இருந்தால் மசாலாவில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். இதைக் கவனிக்காமல் ஒரு ரேக்கை வாயில் வைக்க முடியாத அளவு உப்பாக்கியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் வெண்பன்றிக் கடையில் வாங்குவதாக இருந்தால், கத்தி இறங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். அங்கே விலாவை ஆட்டு நெஞ்செலும்பு போலக் குறுக்கே கொத்தித் துண்டு போட்டுத் தருவதுதான் வழக்கம். ஊருக்குப் போயிருந்தபோது, “அண்ணே, துண்டு போடாதீங்க. விலாவை அப்படியே பட்டையா, முழுசா வேணும். கொழுப்பை மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க” என்றேன். அவர் கத்தியை மேலேயே நிறுத்தி, “குழம்புக்கு இல்லீங்களா?” என்று கேட்டார். சுடுவதற்கு என்று சொன்னதும் அழகாக ஒரே பட்டையாக எடுத்துக் கொடுத்தார். தோலோடு விற்கிற கடை என்றால் தோலையும் நீக்கித் தரச் சொல்லுங்கள். இந்த முறையில் தோல் வேகாது, ரப்பர் போலக் கிடக்கும்.

உறைந்த ரேக் என்றால் முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தேவைப்படும். சமையல் மேடையில் வைத்து உருக விடாதீர்கள்.

சவ்வை உரிப்பது

ரேக்கைக் குழாயடியில் கழுவ வேண்டியதில்லை. பச்சைக் கறித் தண்ணீர் சிங்க் முழுக்கத் தெறிக்கும், அதனால் வரும் கெடுதிதான் அதிகம். காகிதத் துண்டால் இரு பக்கமும் ஒற்றியெடுத்தால் போதும். கொத்தின எலும்பாக வாங்கியிருந்து எலும்புத் தூள் ஒட்டியிருந்தால் அதையும் துடைத்தெடுங்கள்.

இப்போது எலும்புப் பக்கம் மேலே வரும்படித் திருப்பிப் போடுங்கள். எலும்புகளுக்கு மேலே பளபளவென்று ஒரு மெல்லிய சவ்வு இழுத்துப் போர்த்தியிருக்கும். அது வெந்தாலும் இளகாது, வாயில் பிளாஸ்டிக் தாள் போல மாட்டும். மசாலாவையும் அந்தப் பக்கம் இறங்கவிடாது.

உரிப்பது முதல் தடவை மட்டும்தான் பயமாக இருக்கும். ரேக்கின் ஓரத்திலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது எலும்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தேக்கரண்டியின் காம்பை அந்த எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவில் மெதுவாக நுழைத்துவிடுங்கள். கூரான கத்தி வேண்டாம், சவ்வு கிழிந்துவிடும். காம்பை உள்ளே விட்டுத் தூக்கினால் சவ்வு கூடாரம் போல எழும்பும். அதற்குள் விரலை விட்டுக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். ஈரமாக இருப்பதால் வெறும் விரலில் வழுக்கும். ஒரு காகிதத் துண்டால் அந்த முனையைப் பிடித்து, மற்ற கையால் ரேக்கை அழுத்திக்கொண்டு, ஒரே சீராக இழுங்கள். பல நேரம் வாழைத்தண்டுப் பட்டை உரிவது போல ஒரே இழுப்பில் முழுதும் வந்துவிடும். நடுவில் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். சில கடைகளில் இதை உரித்தே விற்கிறார்கள். காம்பை நுழைக்கும்போது எதுவும் எழும்பவில்லை, சதைதான் பிய்கிறது என்றால் ஏற்கெனவே உரித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிறகு ரேக்கைக் கூடையின் அளவுக்கு மூன்று அல்லது நான்கு எலும்புள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு எலும்புக்கு நடுவில் சதையில் மட்டும் கத்தி போக வேண்டும். ஒவ்வொரு எலும்பாகப் பிரித்துவிடாதீர்கள். தனி எலும்பாகப் போனால் நாலு பக்கமும் காய்ந்துவிடும்.

கறி வெட்டிய பலகை, கத்தி, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

உப்பும் மசாலாவும்

உலர் மசாலாவை அமெரிக்காவில் ரப் என்பார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஒரு ரேக்குக்கு என் அளவு இது: தூள் உப்பு ஒன்றரை தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை அல்லது பிரவுன் சுகர் ஒரு மேசைக்கரண்டி, ஸ்மோக்டு பாப்ரிகா ஒரு மேசைக்கரண்டி, மிளகுத் தூள், பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி மூன்றும் ஒவ்வொரு தேக்கரண்டி, சீரகப் பொடி அரை தேக்கரண்டி, காரம் வேண்டுமென்றால் மிளகாய்த் தூள் அரை தேக்கரண்டி. கல் உப்பு என்றால் கொஞ்சம் தாராளமாகவே போடலாம், கரண்டியில் அதன் எடை குறைவாகத்தான் வரும்.

ஸ்மோக்டு பாப்ரிகாவைத் தவிர்க்காதீர்கள். ஸ்பெயின் நாட்டில் மிளகாயை ஓக் கட்டைப் புகையில் உலர்த்தி அரைக்கிற தூள் அது. பெரும்பாலும் காரம் இருக்காது, மணமும் நிறமும் இருக்கும். புகை இல்லாத நம் மெஷினில் புகை வாசம் வருவதற்கு அதுதான் முதல் வழி. கிடைக்கவே இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்த் தூள் நிறத்தைக் கொடுக்கும், புகை மணத்தைக் கொடுக்காது. இரண்டாவது வழி லிக்விட் ஸ்மோக். கட்டை எரியும் புகையைக் குளிர்வித்து நீரில் பிடித்த திரவம் அது. 1895-இல் கான்சஸ் சிட்டியில் ஏர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக் கடைக்காரர் விற்கத் தொடங்கியது இன்றும் அவர் பெயரிலேயே கிடைக்கிறது. சாஸில் கால் தேக்கரண்டிக்கு மேல் போட வேண்டாம். அதிகமானால் அடுப்புச் சாம்பலை நக்கியது போல இருக்கும்.

மசாலாவை இரண்டு பக்கமும் தூவி, தேய்க்காமல் உள்ளங்கையால் தட்டி ஒட்டவையுங்கள். முந்தின இரவே தூவித் தட்டில் வைத்து, மூடாமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கியிருக்கும், மேல்புறமும் உலர்ந்திருக்கும். நேரமில்லை என்றால் அரை மணி நேரம் போதும். வித்தியாசம் தெரியும், ஆனால் மோசமாக இருக்காது.

மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்த்தால் நல்ல பன்றி வறுவல் கிடைக்கும். அதற்கும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் அது வேறு சமையல். முதல் தடவையாவது இந்த மசாலாவை அதன் போக்கில் செய்து பாருங்கள்.

சாஸ்

கடைச் சாஸ் தாராளமாகப் போதும். வீட்டில் செய்வதும் பதினைந்து நிமிட வேலைதான், இனிப்பும் நம் கையில் இருக்கும். கான்சஸ் சிட்டி பாணிச் சாஸ் தக்காளியும் இனிப்பும் சேர்ந்து கெட்டியாக இருக்கும். கெட்சப் அரை கப், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, வொர்ஸ்டர்ஷயர் சாஸ் இரண்டு தேக்கரண்டி, கடுகுப் பொடி அரை தேக்கரண்டி, ஒரு பல் பூண்டு நசுக்கியது, மிளகுத் தூள் கொஞ்சம். எல்லாவற்றையும் சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பளபளப்பாகத் திரண்டுவரும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும், அதுதான் பதம். அங்கே இதில் மொலாசஸ் என்ற கரும்புப்பாகு சேர்ப்பார்கள். நம் நாட்டுச் சர்க்கரையில் அந்தப் பாகின் வாசம் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் இங்கே அது பொருத்தமான மாற்று.

சாஸில் பாதியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அது சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள. கறியில் தொட்ட பிரஷ் அதில் படக் கூடாது.

முதல் கட்டம்: மூடி வேகவைப்பது

ஃபாயிலை இரண்டு மடிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மடிப்பு என்றால் எலும்பு முனை குத்திக் கிழித்துவிடும், சாறெல்லாம் கீழே ஒழுகிவிடும். ஒரு துண்டு ரிப்ஸைச் சதைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் அல்லது ஆப்பிள் ஜூஸ் ஊற்றுங்கள். மசாலாவின் மேல் ஊற்றாமல் ஓரமாக ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மசாலா கழுவிக்கொண்டு போய்விடும். வினிகரும் சாஸும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். புளிப்பு அதிக நேரம் சூட்டில் இருந்தால் அலுமினியத்தை அரிக்கும். பிறகு ஃபாயிலின் விளிம்புகளை மேலே கொண்டுவந்து சேர்த்து மடித்து, பொட்டலம் போல இறுக்குங்கள். மடிப்பு மேலேயே இருக்கட்டும், அடியில் போனால் ஒழுகும்.

ஏர் ஃப்ரையரை 150 டிகிரியில், ஃபாரன்ஹீட் என்றால் 300-இல், மூன்று நிமிடம் சூடேற்றுங்கள். பொட்டலங்களைக் கூடையில் ஒரே அடுக்காக வையுங்கள். இடம் போதாவிட்டால் சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தலாம். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் இருப்பது வேகாது. மேலே இருக்கிற கம்பிச்சுருளை ஃபாயில் தொடக் கூடாது. கூடையின் அடியிலுள்ள ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைத்துவிடாமல் காற்றுப் போக ஓரங்களில் கொஞ்சம் இடமும் விடுங்கள்.

பேபி பேக்குக்கு 75 முதல் 90 நிமிடம். செயின்ட் லூயிஸ் கட்டுக்கு 100 முதல் 120 நிமிடம். பல மெஷின்களில் டைமர் 60 நிமிடத்தோடு முடிந்துவிடும், சிலவற்றில் 30-தான். மணியடித்ததும் வெந்துவிட்டது என்று எடுத்துவிட வேண்டாம், மீதி நேரத்தை மறுபடி வைக்க வேண்டும்.

குக்கரில் இரண்டு விசில் விட்டு எடுத்துவிட்டு ஏர் ஃப்ரையரில் போட்டால் சீக்கிரம் முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். கறியும் மெத்தென்றே வரும். ஆனால் ருசியில் பாதி அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும், மசாலாவும் கரைந்துவிடும். விருந்தாளிகள் வாசலில் நிற்கிற நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கும் அந்தத் தண்ணீரைக் கொட்டுவதில்லை, ரசத்துக்கு ஆகும்.

வெந்ததா என்று பார்ப்பது

பேபி பேக் என்றால் 75-ஆவது நிமிடம் ஒரு பொட்டலத்தை மட்டும் இடுக்கியால் எடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மடிப்பைப் பிரியுங்கள், ஆவி சீறிக்கொண்டு வரும். இரண்டு எலும்புக்கு நடுவில் ஒரு பல்குச்சியைக் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் ஆயிற்று. பிடித்து நிறுத்தினால், மறுபடி மூடிப் பத்து நிமிடம். எலும்பு முனைகளையும் பாருங்கள். சதை சுருங்கி அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை எலும்பு வெளியே தெரிய வேண்டும்.

இறைச்சி வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. எலும்பில் படாமல் சதையில் குத்திப் பாருங்கள். இங்கே இரண்டு எண்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுப் பன்றிக் கறிக்கு 63 டிகிரியும், அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்கிறது. ஃபாரன்ஹீட்டில் 145. அது கிருமி, புழு பயமில்லாமல் சாப்பிடுவதற்கான எண். ரிப்ஸ் மெத்தென்று ஆவதற்கான எண் வேறு: 90 முதல் 95 டிகிரி, அதாவது 195 முதல் 203 ஃபாரன்ஹீட். 63-இல் எடுத்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் என் முதல் ரேக் போல இழுத்துத்தான் தின்ன வேண்டும். கொலாஜன் 70 டிகிரிக்கு மேல்தான் வேகமாக இளகும், அதற்கும் நேரம் எடுக்கும்.

அதற்காகக் குழைய விடவும் வேண்டாம். எலும்பைத் தூக்கினால் கறி தானாக விழுந்துவிட வேண்டும் என்று உணவக விளம்பரங்கள் சொல்லும். அமெரிக்கப் பார்பிக்யூ போட்டிகளில் அப்படி விழுந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். கடித்த இடத்தில் மட்டும் கறி சுத்தமாக விட்டு வந்து, பல் தடம் அப்படியே நிற்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அந்தப் பதம்தான் பிடிக்கும். வீட்டில் வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ இருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வைத்துக் குழைவாகவே எடுங்கள், அதில் தப்பே இல்லை.

இரண்டாவது கட்டம்: சாஸும் நிறமும்

பொட்டலங்களை ஒரு கிண்ணத்தின் மேல் சாய்த்துத் திறந்து, உள்ளே தேங்கிய சாற்றை வடித்துவிடுங்கள். கொழுப்பில் பெரும் பங்கு இதோடு போய்விடும். இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தின் அதிகச் சூட்டில் கொழுப்பு சொட்டித் தீய்ந்து, வெள்ளைப் புகை கிளம்பிச் சமையலறை அலாரம் அலறும். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் இரண்டு கரண்டியைச் சாஸில் ஊற்றிக் கொதிக்கவையுங்கள். கடைச் சாஸைக்கூட வீட்டுச் சாஸாக மாற்றிவிடும்.

இப்போது ஃபாயில் இல்லாமல் துண்டுகளைச் சதைப் பக்கம் மேலாகக் கூடையில் வையுங்கள். மெத்தென்று ஆகிவிட்டதால் அகலமான கரண்டியை அடியில் கொடுத்துத் தூக்குங்கள், இடுக்கியால் கிள்ளித் தூக்கினால் பிளந்துவிடும். 200 டிகிரியில், 400 ஃபாரன்ஹீட்டில், நான்கைந்து நிமிடம் வெறுமனே வையுங்கள். மேலே இருக்கும் ஈரம் உலர்ந்து மசாலா லேசாக மொறுமொறுக்கும். இதைச் செய்யாமல் சாஸ் பூசினால் சாஸ் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும்.

அப்புறம் சூட்டை 190-க்கு இறக்குங்கள், 375 ஃபாரன்ஹீட். பிரஷால் சாஸை மெல்லிசாக ஒரு பூச்சு, மூன்று நிமிடம். திறந்து மறுபடி ஒரு பூச்சு, மறுபடி மூன்று நிமிடம். ஒரேயடியாகக் கனமாகப் பூசுவதைவிட இரண்டு மெல்லிய பூச்சு நன்றாகப் பிடிக்கும். இந்த ஆறு நிமிடமும் மெஷினை விட்டு நகராதீர்கள். சாஸ் முதலில் கொப்புளிக்கும், பிறகு ஓரங்களில் நிறம் கூடி, கடலைமிட்டாய்ப் பாகு போலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து கருகலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மெஷினுக்கு மெஷின் வேகம் மாறும் என்பதால் முதல் தடவை இரண்டு நிமிடத்திலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்தால் சூடு போய்விடும் என்ற கவலை வேண்டாம், ஏர் ஃப்ரையர் சட்டென்று மீண்டும் சூடேறிக்கொள்ளும்.

இனிப்புச் சாஸ் பிடிக்காதவர்களுக்கு மெம்ஃபிஸ் வழி இருக்கிறது. அங்கே 1948 முதல் நடக்கும் ரெண்டெவூ உணவகம் சாஸ் பூசாத உலர் ரிப்ஸுக்குப் பேர்போனது. ஃபாயிலைப் பிரித்து ஐந்து நிமிடம் மொறுமொறுக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி வினிகரைத் தண்ணீரில் கலந்து மேலே தடவி, எடுத்து வைத்த மசாலாவை இன்னொரு முறை தூவிவிடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். தூவுவதற்கென்று எடுத்து வைக்கிற பங்கில் மட்டும் உப்பு போடாமல் கலந்து வையுங்கள். நம் நாக்குக்கு இந்த வகை இன்னும் நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வெட்டுவதும் மிச்சமும்

எடுத்ததும் வெட்டாமல் ஏழெட்டு நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு எலும்புப் பக்கம் மேலே வரும்படித் திருப்பிப் போட்டு வெட்டுங்கள். சதைப் பக்கமிருந்து பார்த்தால் எலும்பு எங்கே வளைகிறது என்று தெரியாது, கத்தி எலும்பில் முட்டும். கான்சஸ் சிட்டியில் கூடவே வெள்ளை ரொட்டித் துண்டும் ஊறுகாய் வெள்ளரியும் வைப்பார்கள். எங்கள் வீட்டில் மெல்லிசாக அரிந்த வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்து வைத்துவிடுவேன், இனிப்புக்கு அது நல்ல ஈடு.

கூடையைச் சூடு முழுக்க ஆறும்முன் வெந்நீரும் பாத்திரச் சோப்பும் ஊற்றி ஊறவிடுங்கள். சாஸ் காய்ந்து இறுகிவிட்டால் கம்பி நாரைத் தேட வேண்டிவரும், அது மேல்பூச்சைச் சுரண்டிவிடும்.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது திறந்து வைத்தால் தோல் செருப்பு போலக் காய்ந்துவிடும். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து ஃபாயிலில் சுற்றி, 150 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், நடுவில் 74 டிகிரி வரும் வரை. எலும்பை விட்டுப் பிய்த்த கறி ஒரு கைப்பிடி இருந்தால், மறுநாள் காலை வெங்காயம் பச்சைமிளகாயோடு வதக்கி, முட்டை ஊற்றிக் கிளறித் தோசைக்கு நடுவில் வையுங்கள்.